சேலத்தில் பட்டறை, ஆலை வைத்திருப்பவர்கள் இன்ஜினியரிங் மாணவர்களை இன்டர்ன்ஷிப்புக்கு எடுப்பது எப்படி

சூரமங்கலம் பக்கம் சின்னதாக ஒரு மெஷின் ஷாப் நடத்துகிறேன், 18 பேர் வேலை செய்கிறோம், சேகோ (ஜவ்வரிசி) ஆலை மெஷின்களுக்கு உதிரிபாகங்கள் செய்து கொடுப்பதுதான் முக்கியமான தொழில். முதல் தடவை இன்டர்ன்ஷிப் என்று நாலு பசங்களை எடுத்தபோது அவர்களுக்கு என்ன வேலை கொடுப்பது என்று நான் யோசித்தே வைக்கவில்லை. இரண்டு நாள் லேத் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள், மூன்றாம் நாளிலிருந்து மூலையில் உட்கார்ந்து செல்போன், பதினைந்தாம் நாள் சர்டிபிகேட். போகும்போது ஒரு பையன், "சார், இன்னும் கொஞ்சம் சொல்லிக் கொடுத்திருக்கலாம்" என்றான். அது ரொம்ப நாள் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

அதனால் முதலில் சொல்வது இதுதான். ஆளைத் தேடுவதற்கு முன்னால் வேலையைத் தேடுங்கள். "நேரம் கிடைத்தால் பார்க்கணும்" என்று வருடக்கணக்கில் தள்ளிப்போட்ட வேலை எல்லாப் பட்டறையிலும் ஒன்று இருக்கும், அதுதான் மாணவனுக்கு ஏற்ற வேலை. அவசர ஆர்டரைக் கொடுக்காதீர்கள், பையன் தப்பு செய்தால் பார்ட்டிக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். அளந்து, கணக்குப் போட்டு, சரிசெய்து காட்டக்கூடிய ஒன்றாகப் பாருங்கள்.

எங்களிடம் அது கம்ப்ரசர், காற்றை அழுத்தி மெஷின்களுக்கு அனுப்புவது. காற்று எங்கெங்கோ கசிகிறது என்று எல்லோருக்கும் தெரியும், எவ்வளவு என்று ஒருவருக்கும் தெரியாது. இரண்டாவது முறை வந்த மெக்கானிக்கல் மூன்றாம் வருடப் பெண்ணிடம் அதை ஒப்படைத்தோம். செய்முறை எளிது. ஷிப்ட் முடிந்து எந்த மெஷினும் காற்று எடுக்காத நேரத்தில் கம்ப்ரசரை மட்டும் ஓடவிட்டு, எத்தனை நிமிடம் லோடில் (காற்றை அழுத்திக்கொண்டு) ஓடுகிறது, எத்தனை நிமிடம் சும்மா நிற்கிறது என்று பத்துப் பன்னிரண்டு சுற்று குறிக்க வேண்டும். லோடில் ஓடிய நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால், கம்ப்ரசரின் திறனில் எத்தனை சதவீதம் கசிவுக்கே போகிறது என்று வந்துவிடும். எங்களுக்கு 2 நிமிடம் ஓட்டம், 6 நிமிடம் ஓய்வு, அதாவது 25 சதவீதம். அப்புறம் சோப்புத் தண்ணீர் தடவி ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்து, ஹோஸ் கிளாம்ப், பழைய வால்வு எல்லாம் மாற்றியபிறகு அது 8 சதவீதத்துக்கு இறங்கியது. அந்தப் பெண் படித்த பாடமும் அதில் இருந்தது, எங்களுக்குக் கரண்ட் செலவும் குறைந்தது.

சரி, ஆள் எங்கே கிடைக்கும்? கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரி, சோனா என்று பக்கத்திலேயே கல்லூரிகள் இருக்கின்றன. பிளேஸ்மென்ட் ஆபீசுக்கு ஒரு மெயில் போட்டுவிட்டுக் காத்திருப்பதைவிட, அந்தந்த டிபார்ட்மென்ட் ஹெச்ஓடியை (துறைத் தலைவரை) நேரில் பார்த்து, என்ன வேலை, எத்தனை வாரம், எத்தனை பேர் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். எம்ஓயு (புரிந்துணர்வு ஒப்பந்தம்) கேட்டால் போட்டுக்கொள்ளலாம், தப்பில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் இரண்டு வார இன்டர்ன்ஷிப்புக்கு 1 கிரெடிட், நாலு வாரத்துக்கு 2, ஆறு வாரத்துக்கு 3 என்று இருக்கிறது. தன்னாட்சிக் கல்லூரிகளில் கணக்கு மாறலாம், கேட்டுக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் இரண்டு வாரம் பத்தாது, பெயர் பழகுவதற்குள் முடிந்துவிடும். நாலு வாரமாவது கேளுங்கள்.

கோடை விடுமுறைக்கு ஆள் வேண்டுமென்றால் மார்ச்சிலேயே பேசிவிடுங்கள். ஆனால் உங்கள் சீசனையும் பாருங்கள். ஏற்காட்டில் காபி எஸ்டேட் வைத்திருப்பவருக்குக் கோடையில் மாணவன் வந்து என்ன பயன்? பழம் பறித்து பல்ப்பர் (பழத்தின் தோலை உரிக்கும் மெஷின்) ஓடுவது குளிர்காலத்தில். எஸ்டேட்காரர்கள் கடைசி செமஸ்டர் புராஜெக்ட் செய்கிற நாலாம் வருட மாணவர்களை ஜனவரியில் எடுக்கலாம்; பல்ப்பருக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது, களத்தில் காய எத்தனை நாள் ஆகிறது என்று அளக்க எவ்வளவோ இருக்கிறது. தினமும் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கச் சொல்லாமல், மேலேயே தங்க இடமும் சாப்பாடும் கொடுத்துவிடுங்கள்.

பணம் பற்றி. மாணவர்களிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு சர்டிபிகேட் கொடுக்கிற வழக்கம் பரவிக் கிடக்கிறது, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு ஸ்டைபண்ட் (உதவித்தொகை) கொடுங்கள், முடியாவிட்டால் பஸ் காசும் மதியச் சாப்பாடுமாவது. ஓமலூரிலிருந்தும் எடப்பாடியிலிருந்தும் இரண்டு பஸ் மாறி வருகிற பிள்ளைக்கு அது பெரிய விஷயம். இன்டர்ன்ஷிப்பையும் அப்ரண்டிஸையும் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருவது, ஒப்பந்தம் போட வேண்டும். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் கட்டாயம், அதில் 2.5 முதல் 15 சதவீதம் வரை எடுக்க வேண்டும். 4 பேர் முதல் 29 பேர் வரை உள்ள இடங்களுக்கு விருப்பம்தான். படிப்பை முடித்தவர்களை நாட்ஸ் (தேசிய அப்ரண்டிஸ் பயிற்சி) திட்டத்தில் ஒரு வருடத்துக்கு எடுத்தால், அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசே ஏற்கிறது. இன்டர்ன்ஷிப்பில் நன்றாகச் செய்த பையனைப் படிப்பு முடிந்ததும் இந்த வழியில் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

இன்டர்ன்ஷிப் தவிர கோ-ஆப் என்று ஒரு முறையும் இருக்கிறது. அது இன்னும் நீளமானது, ஒரு பருவம் வகுப்பு, ஒரு பருவம் வேலை என்று மாறி மாறிப் போவது. 1906இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, நம் பக்கம் கோவை பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரியின் ஐந்து வருட சாண்ட்விச் படிப்பு இதே மாதிரிதான். மூன்று நாலு மாதம் ஒரே ஆள் இருப்பதால் வடிவமைப்பு வேலையையே நம்பிக் கொடுக்கலாம்.

வந்த முதல் நாள் மெஷின் பக்கமே விடாதீர்கள். ஷூ, கண்ணாடி, எமர்ஜென்சி சுவிட்ச் எங்கே, தளர்ந்த சட்டையும் விரித்த முடியும் லேத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்று முதலில் காட்டுங்கள். கல்லூரியில் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் நீங்களே எடுத்துவிடுங்கள். பகல் ஷிப்ட் மட்டும். பெண் பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை முதலில் இருக்க வேண்டும், இதைச் செய்யாமல் "பொண்ணுங்க பட்டறைக்கு வரமாட்டாங்க" என்று சொல்வது நியாயமில்லை.

ஒரு மாணவனுக்கு ஒரு ஆள் பொறுப்பு. முதலாளியாக நீங்கள் அந்த ஆளாக இருக்க முடியாது, உங்களுக்குப் போன் வந்துகொண்டே இருக்கும். எங்களிடம் இருபது வருடம் லேத் ஓட்டிய அண்ணன்தான் பார்த்துக்கொள்கிறார். அவருக்கு அந்த மாதம் உற்பத்தி இலக்கைக் கொஞ்சம் குறைத்து, கையில் கூடுதலாக ஏதாவது கொடுங்கள், இல்லையென்றால் மாணவன் அவருக்குச் சுமைதான். தினமும் சாயங்காலம் பத்து நிமிடம், இன்றைக்கு என்ன அளந்தாய் என்று கேட்டால் போதும்.

கடைசி நாள், செய்ததைத் தமிழில் பட்டறை ஆட்கள் முன்னால் நின்று சொல்லச் சொல்லுங்கள். சர்டிபிகேட்டில் "பயிற்சி பெற்றார்" என்று மொட்டையாக எழுதாமல், எந்த வேலை, எத்தனை நாள், அளவு எதிலிருந்து எதற்கு மாறியது என்று எழுதுங்கள். அளவுகள் குறித்த நோட்டை மட்டும் திருப்பிக் கொடுக்காமல் பட்டறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வருடம் வருகிறவர் அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கட்டும்.