கெர்னலுக்குள் ஒரு டிஸ்க் கட்டளை: எங்கெல்லாம் தவறுகிறோம்

டிஸ்க்கில் இந்த இடத்திலிருந்து இவ்வளவு படித்துக் கொடு என்று ஃபைல் சிஸ்டம் கேட்கிறது. அந்தக் கோரிக்கை ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலின் பல அடுக்குகளைத் தாண்டி, கடைசியில் சில பைட்டுகளாக மாறி டிஸ்க்கைப் போய்ச் சேர்கிறது. டிஸ்க்கோடு பேசும் மொழிகளில் ஒன்றான ஸ்கஸி (SCSI) என்றால் பெரும்பாலும் 6, 10, 12 அல்லது 16 பைட், அரிதாக 32. எஸ்எஸ்டிகளுக்கான என்விஎம்இ (NVMe) என்றால் எப்போதும் 64 பைட். இந்தக் கட்டளையைக் கெர்னலுக்குள் எந்த வடிவில் வைத்திருப்பது என்பதில்தான் புதிதாக டிரைவர் எழுதுபவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். இங்கே நடக்கும் தவறு எப்போதும் கெர்னலை நிறுத்திவிடாது. பல நேரம் சத்தமில்லாமல் யாரோ ஒருவருடைய தகவலை அழித்துவிட்டுப் போகும். அதனால்தான் இதை விரிவாகச் சொல்ல நினைக்கிறேன்.

பல தவறுகளுக்கு வேர் ஒன்றுதான்: என்ன நடக்க வேண்டும் என்பதையும், அதற்காக டிவைஸுக்கு எந்த பைட்டுகள் போக வேண்டும் என்பதையும் ஒரே ஸ்ட்ரக்சரில் கலந்து வைப்பது. மேல் அடுக்கிலேயே ஸ்கஸி பைட்டுகளைத் தயாரித்துவிட்டால் என்ன ஆகும்? பார்ட்டிஷனின் தொடக்கத்தைக் கூட்ட வேண்டிய அடுக்கு, அந்த பைட்டுகளைப் பிரித்துப் படித்து, எண்ணை மாற்றி, திரும்ப எழுத வேண்டியிருக்கும். அடுத்தடுத்த இரண்டு கோரிக்கைகளை ஒன்றாகச் சேர்ப்பதும் அதே பாடுதான். நாளைக்கு அதே ஃபைல் சிஸ்டம் என்விஎம்இ மேல் ஓட வேண்டும் என்றால் எல்லாமே வீண். லினக்ஸில் கோரிக்கையில் இருப்பவை செயல், தொடங்கும் செக்டர், நீளம், நினைவகப் பக்கங்கள் ஆகியவைதான். டிவைஸின் மொழிக்கு மாற்றுவது கடைசி நிமிடத்தில் டிரைவரின் வேலை. பயனர் நிரலே நேரடியாக பைட்டுகளைத் தரும் பாஸ்த்ரூ மட்டும் விதிவிலக்கு. அதன் பொருளைக் கெர்னல் ஊகிக்க முயலக் கூடாது.

செயலையும், அதை எப்படிச் செய்வது என்று சொல்லும் கொடிகளையும் (flags) ஒரே பிட் குவியலில் போடுவதும் இதே குடும்பத்துத் தவறுதான். எழுது, அழி, ஃப்ளஷ் செய் (டிஸ்க்கின் கேஷில் இருப்பதை நிரந்தரமாக்கு) என்பவை செயல்கள். அவசரம், உடனே நிலைநிறுத்து என்பவை கொடிகள். லினக்ஸே நெடுங்காலம் இவற்றைக் கலந்து வைத்திருந்து, 2016-இல் வந்த 4.8 பதிப்பில்தான் பிரித்தது. புதிதாக எழுதும்போது முதல் நாளே பிரித்துவிடுங்கள்.

அடுத்தது அலகு. என்னைப் பொறுத்தவரை இதுதான் மிக ஆபத்தானது. லினக்ஸ் கெர்னலில் செக்டர் என்றால் எப்போதும் 512 பைட், டிஸ்க்கின் பிளாக் அளவு எதுவாக இருந்தாலும். டிஸ்க்கோ 4096 பைட் பிளாக்குகளில் பேசலாம். அப்படியானால் கெர்னல் சொல்லும் எண்ணை 8-ஆல் வகுத்துத்தான் கட்டளையில் எழுத வேண்டும். ஒருமுறை நான் நீளத்தைச் சரியாக மாற்றிவிட்டுத் தொடக்க எண்ணை மாற்ற மறந்துவிட்டேன். என் சோதனைகள் எல்லாமே தேறின! எழுதும்போதும் படிக்கும்போதும் ஒரே தவறான இடத்துக்கே போனதால், எழுதியது அப்படியே திரும்பக் கிடைத்தது. 32 கிலோபைட்டாக எழுதி 4 கிலோபைட்டாகப் படித்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. ஒரே அளவில் எழுதிப் படிக்கும் சோதனை இந்தத் தவறைப் பிடிக்கவே பிடிக்காது. டிஸ்க்கின் முதல் எட்டில் ஒரு பங்கைத் தாண்டினால் எல்லைக்கு வெளியே என்று டிவைஸே பிழை சொல்லும். ஆனால் அதுவரைக்கும் டிஸ்க்கை நிரப்பிப் பார்க்கிற சோதனையை எத்தனை பேர் எழுதுகிறோம்? மாறியின் பெயரிலேயே அலகைச் சேர்த்து எழுதுங்கள். வகுத்தல் ஒரே ஒரு ஃபங்ஷனில் மட்டும் நடக்கட்டும்.

அகலமும் அப்படித்தான். ஸ்கஸியின் 10 பைட் படிக்கும் கட்டளையில் முகவரிக்கு 32 பிட் மட்டுமே இடம். 512 பைட் பிளாக் என்றால் 2 டெபிபைட்டோடு சரி. அதற்கு மேலுள்ள எண்ணை 32 பிட்டுக்குள் திணித்தால் மேல் பிட்டுகள் உதிர்ந்து, எழுத வேண்டியது டிஸ்க்கின் தொடக்கத்தில் போய் விழும். பார்ட்டிஷன் அட்டவணை இருக்கும் இடம் அது. கெர்னலுக்குள் முகவரி எப்போதும் 64 பிட்டாக இருக்கட்டும். டிவைஸுக்கு 16 பைட் கட்டளை தேவையா என்பதை மாற்றும் இடத்தில் முடிவு செய்யுங்கள். கொள்ளளவைக் கேட்கும்போதும் கவனம் வேண்டும்: ஸ்கஸி திருப்பித் தருவது கடைசி பிளாக்கின் எண், மொத்த எண்ணிக்கை அல்ல. ஒன்றைக் கூட்ட மறந்தால் கடைசி பிளாக் காணாமல் போகும்.

சுழியம் வேறு தனிக் கதை. ஸ்கஸியின் 6 பைட் படிக்கும் கட்டளையில் நீளம் 0 என்றால் 256 பிளாக். அதே ஸ்கஸியின் 10 பைட் கட்டளையில் 0 என்றால் எதுவும் படிக்காதே. இன்னொரு டிஸ்க் மொழியான ஏடிஏவின் (ATA) 28 பிட் கட்டளையில் 256, 48 பிட்டில் 65,536. என்விஎம்இயில் 0 என்றால் ஒரு பிளாக், அதாவது எண்ணிக்கையிலிருந்து ஒன்றைக் கழித்தே எழுத வேண்டும். கெர்னலின் பொது வடிவத்தில் 0 என்றால் 0தான். இந்த விசித்திரங்கள் எதுவும் டிரைவரைத் தாண்டி மேலே ஏறக் கூடாது.

பைட் வரிசையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஸ்கஸியில் எண்ணின் அதிக மதிப்புள்ள பைட் முதலில், என்விஎம்இயில் குறைந்த மதிப்புள்ள பைட் முதலில். சி மொழியின் பிட்ஃபீல்டுகளை வைத்துக் கட்டளையை வரையாதீர்கள். அவை எந்த வரிசையில் அமையும் என்பதைக் கம்பைலர்தான் முடிவு செய்கிறது. 10 பைட் ஸ்கஸி கட்டளையில் முகவரி தொடங்குவது 2-ஆம் பைட்டில். அங்கே 32 பிட் பாயின்டரை வைத்து நேராக எழுதினால், முகவரி 4-ஆல் வகுபடாததால் சில பிராசசர்களில் அலைன்மென்ட் சிக்கல் வரும். பைட் வரிசை, அலைன்மென்ட் இரண்டையும் பார்த்துக்கொள்ளும் ஃபங்ஷன்கள் கெர்னலிலேயே இருக்கின்றன.

இனி உரிமை. கட்டளையும், தகவலுக்கான நினைவகமான அதன் பஃபரும் யார் கையில் இருக்கின்றன என்ற கேள்வி. லினக்ஸில் டிஸ்க் கட்டளைக்கு வழக்கமான டைம்அவுட் 30 விநாடி. அது முடிந்ததும் கட்டளை தோற்றுவிட்டது என்று எண்ணி பஃபரை விடுவித்துவிடுகிறார்கள். ஆனால் பொறுமை இழந்தது கெர்னல்தான். டிவைஸ் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கலாம். 31-ஆவது விநாடியில் அது டிஎம்ஏ (பிராசசரின் உதவியின்றி டிவைஸே நினைவகத்தை அணுகும் முறை) வழியாக அதே நினைவகத்தில் தகவலைக் கொட்டும். அந்த இடம் அதற்குள் வேறொருவருக்குப் போயிருக்கும். சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு ப்ராசஸ் விழும், காரணம் தேடினால் கிடைக்காது. கட்டளையை ரத்து செய்து டிவைஸ் அதை ஒப்புக்கொண்ட பிறகோ, டிவைஸை ரீசெட் செய்த பிறகோதான் நினைவகம் நம்முடையது.

கட்டளையையும் அதன் பதிலையும் இணைக்கும் எண்ணான டேகும் இதே மாதிரிதான். காலாவதியான கட்டளையின் டேகை உடனே அடுத்ததற்குக் கொடுத்தால், தாமதமாக வரும் பழைய பதில் புதிய கட்டளையை முடித்துவைத்துவிடும். படிக்காத தகவலைப் படித்துவிட்டதாகக் கெர்னல் நம்பும். இதைப் பிடிக்கவே லினக்ஸின் என்விஎம்இ டிரைவர், 16 பிட் கட்டளை எண்ணில் 4 பிட்டை, டேகைப் புதிதாகக் கொடுக்கும்போதெல்லாம் மாறும் தலைமுறை எண்ணுக்கு ஒதுக்குகிறது. டேக் பொருந்தித் தலைமுறை பொருந்தாவிட்டால் அந்தப் பதிலை ஏற்காது.

கட்டளையை அனுப்பும் நேரத்தில் அதற்கு நினைவகம் தேடுவதும் தவறு. நினைவகம் தீர்ந்துபோனால் கெர்னல் அழுக்கான பக்கங்களை (மாறியும் இன்னும் டிஸ்க்குக்குப் போகாதவற்றை) டிஸ்க்கில் எழுதித்தான் இடம் பிடிக்கும். எழுத ஒரு கட்டளை வேண்டும், கட்டளைக்கு நினைவகம் வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நின்றுவிடும். 2014-இல் லினக்ஸ் 3.13 பதிப்பில் வந்த பிளாக் மல்டிகியூ அடுக்கு, ஒவ்வொரு டேகுக்கும் கோரிக்கையையும் டிரைவருக்கான இடத்தையும் முன்கூட்டியே ஒதுக்கிவைக்கிறது. அப்புறம், டிஎம்ஏ பஃபரை ஸ்டாக்கில் வைக்க வேண்டாம். பிழை விவரம் வந்து சேரும் சின்ன சென்ஸ் பஃபர்தானே என்று தோன்றும். ஆனால் ஸ்டாக், டிஎம்ஏவுக்கு நேராக முகவரி கொடுக்க முடியாத நினைவகத்தில் இருக்கலாம்.

பதிலைப் பதிவு செய்வதிலும் கஞ்சத்தனம் கூடாது. வெற்றி, தோல்வி என்று ஒரே பிட்டில் அடக்கினால் ஸ்கஸி தரும் சென்ஸ் தகவல் அத்தனையும் வீண். சென்ஸ் கீ 1 என்றால் பிழை திருத்தப்பட்டுவிட்டது, தகவல் சரி. 3 என்றால் மீடியாவே கெட்டுவிட்டது. திரும்பத் திரும்ப முயல்வதில் பயன் குறைவு. 6 என்றால் டிவைஸின் நிலை ஏதோ மாறியிருக்கிறது; பெரும்பாலும் திரும்ப அனுப்பினாலே போதும். கேட்டதில் எவ்வளவு வந்து சேரவில்லை என்பதற்கும் தனி இடம் வையுங்கள். வெற்றி என்று சொல்லிக்கொண்டே பாதியைத் தரும் டிவைஸ்கள் உண்டு.

கடைசியாக ஃப்ளஷ். எழுதும் கட்டளை முடிந்தது என்று டிவைஸ் சொன்னால், தகவல் அதன் கேஷுக்கு வந்துவிட்டது என்று மட்டும்தான் பொருளாக இருக்கலாம். மின்சாரம் போனாலும் நிற்க வேண்டும் என்றால் ஃப்ளஷ் வேண்டும், அல்லது எழுதும் கட்டளையிலேயே எஃப்யூஏ (FUA, கேஷோடு நிற்காமல் நிலையாக எழுது) கொடி வேண்டும். பலர் தவறவிடுவது இதை: ஃப்ளஷை அனுப்பும் நேரத்துக்குள் முடிந்துவிட்ட கட்டளைகளுக்குத்தான் அது பொறுப்பு. இன்னும் பறந்துகொண்டிருக்கும் கட்டளைக்கு அல்ல. ஆகவே ஃபைல் சிஸ்டம் தன் மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் ஜர்னல் பகுதியை எழுதிவிட்டு, அது முடியும் வரை காத்திருக்காமல் பின்னாலேயே ஃப்ளஷை அனுப்பினால் அந்த ஃப்ளஷ் எதையும் காப்பாற்றாமல் போகலாம். முதலில் எழுத்து முடிய வேண்டும், பிறகு ஃப்ளஷ், அது முடிந்ததும், ஜர்னல் குறிப்பு முழுமையானது என்று சொல்லும் கமிட் பிளாக், எஃப்யூஏ கொடியோடு. எஃப்யூஏ தெரியாத டிஸ்க்காக இருந்தால் அந்தக் கமிட்டுக்குப் பின்னாலும் இன்னொரு ஃப்ளஷ்.