கையெழுத்து ஓடும் காலத்திலேயே

அம்மா தன் பெயரின் முதலெழுத்தான 'வ'வை ஒரு சுழியோடு போடுவார். முப்பது வருடம் பள்ளிக்கூடப் பதிவேட்டில் எழுதிய கை. பக்கவாதம் வந்த பிறகு அந்தச் சுழி கோணல் கோடாகிவிட்டது. திருகோணமலை உவர்மலையிலிருந்து ஆட்டோவில் ஏற்றி, நகரத்து வங்கி ஒன்றுக்கு மூன்று முறை கூட்டிப்போனேன். மூன்று முறையும் "கையெழுத்து ஒத்துவரவில்லை" என்றுதான் சொன்னார்கள். அம்மாவின் ஓய்வூதியம் அவர் கணக்கில் கிடந்தது. மருந்துக்கு நான் அயலாரிடம் கைமாற்று வாங்கினேன். கடைசியில் ஓர் அதிகாரி வீட்டுக்கே வந்து கைநாட்டு எடுத்தார். அதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது.

ஆகவே எனக்கு அறுபது வயதானதும் முதலில் போன இடம் வங்கிதான். கணக்கை மகளோடு கூட்டுக் கணக்காக்கி, இருவரில் எவரும் தனியாக எடுக்கலாம், ஒருவர் இல்லாவிட்டால் மற்றவருக்கு என்று எழுதிக்கொடுத்தேன். நம்பிக்கை இல்லாத பிள்ளையோடு இதைச் செய்ய வேண்டாம். அந்தப் பிள்ளை ஒரே நாளில் முழுவதையும் எடுத்தாலும் வங்கி கேள்வி கேட்காது.

அடுத்தது வீடு. நம்மவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். "எல்லாம் பிள்ளைக்குத்தானே" என்று நன்கொடை உறுதி, அதாவது தானப் பத்திரம் எழுதிவிடுகிறார்கள். பாலையூற்றில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா அப்படித்தான் மகனுக்கு எழுதினார். மகன் வீட்டை ஈடு வைத்தான், அக்கா மகள் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். மீட்க முடியாத நன்கொடை என்று எழுதிவிட்டால், நன்றிகெட்ட நடத்தையைக் காட்டி அதை நீக்குவதற்கும் நீதிமன்றத்துக்கே போக வேண்டும். 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அக்காவுக்கு வழக்காட வயதும் இல்லை, காசும் இல்லை.

கொடுத்தே ஆக வேண்டுமென்றால் உங்களுக்குச் சீவிய உரித்தை, அதாவது உயிருள்ளவரை வீட்டை அனுபவிக்கும் உரிமையை ஒதுக்கி எழுதுங்கள். உறுதியில் அந்தச் சொல் இருக்கிறதா என்று, உறுதி எழுதும் நொத்தாரிசு அதை வாசிக்கும்போது காது கொடுத்துக் கேளுங்கள். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. படுக்கையில் விழுந்தால் வீட்டை விற்றுப் பராமரிப்புக்குச் செலவழிக்க உங்களால் முடியாது, ஏனெனில் வீடு உங்களுடையதல்ல. நான் மரணசாதனம், அதாவது உயில்தான் எழுதினேன். நினைத்த நேரம் மாற்றலாம், உயிரோடு இருக்கும்வரை வீடு என் பெயரில். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் போதும். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் வேண்டும். சொத்துப் பெறுபவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பமாக இருந்தால், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை உங்களுக்குப் பொருந்துமா என்றும் சட்டத்தரணியிடம் கேளுங்கள். பொருந்துமானால், மனைவி தன் காணியைக் கைமாற்றக் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும்.

அப்பாவின் தம்பலகாமத்து வயல் பெர்மிட் காணி, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது. அதற்கு வேறு வழி. தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்தாளரைப் பிரதேச செயலகத்தில் நியமித்து, அந்தப் பத்திரத்தை உயிரோடு இருக்கும்போதே பதிந்துவிட வேண்டும். படிவத்தை நிரப்பி அலுமாரியில் வைத்திருப்பது செல்லாது. அப்பா பதியாமலே போய்விட்டார். அண்ணன், தம்பி, நான் மூவரும் வருடக்கணக்காக அலைந்தோம்.

நமக்குப் பதிலாகச் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் எழுதிக் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் பற்றிப் பலர் தவறாக எண்ணுகிறார்கள். நொத்தாரிசு முன் எழுதிப் பதிந்துவிட்டால் பிள்ளை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வான் என்று நினைக்கிறார்கள். கால் நடக்காவிட்டால் அது உதவும். எழுதிக் கொடுத்தவர் மறதி நோயால் தெளிவிழந்தால் அந்த அதிகாரமும் அத்தோடு நின்றுவிடும். பிறகு மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு, சொத்தைப் பார்க்க ஒருவரை நியமிக்கச் செய்ய வேண்டும். மறதி தொடங்கும் குறி தெரிந்தால் கூட்டுக் கணக்கையும் மரணசாதனத்தையும் தள்ளிப்போடாதீர்கள்.

இனிக் காசு. தனியார் கம்பனியில் கணக்கெழுதிய எனக்கு ஓய்வூதியம் கிடையாது. வேலை செய்த காலத்தில் சேர்ந்த ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55இலும் எடுக்கலாம். எடுத்ததும் மகள் வீட்டு மாடிக்குக் கொடுக்க எனக்கும் ஆசைதான். நான் படுக்கையில் விழுந்தால் ஒரு நாளைக்கு நான்கு டயபர் என்றால் மாதம் 120 என்று கணக்கிட்ட பிறகு ஆசை அடங்கிற்று. பாதியை நிலையான வைப்பில் போட்டேன்.

அம்மாவைப் பார்த்த நாட்களில் ஒரு கொப்பியில் மருந்து, ஆட்டோ, பகலில் நின்ற பெண்ணின் சம்பளம் எல்லாவற்றையும் திகதியோடு எழுதினேன். ரொறன்ரோவில் இருக்கும் தம்பி மாதமாதம் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னான். முதலில் எரிச்சலாக இருந்தது. பங்கு பிரிக்கும் நாளில் அந்தக் கொப்பி இருந்ததால் எங்களுக்குள் ஒரு வார்த்தைகூடத் தடிக்கவில்லை.

பிள்ளைகள் கைவிட்டால், 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பராமரிப்புக் கோரி விண்ணப்பிக்கலாம். என் அம்மா அப்படிப் போயிருக்க மாட்டார். இந்த ஊரில் எத்தனை அம்மாக்கள் போவார்கள்?

என் உறுதி, மரணசாதனம், வங்கிப் புத்தகம், அடையாள அட்டைப் பிரதி எல்லாம் பழைய பிஸ்கட் பேணி ஒன்றில் அலுமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. அலுமாரித் திறப்பு பூசையறையில் விளக்குக்குப் பின்னால் இருக்கிறது. மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், அவளையே எடுக்க வைத்துக் காட்டினேன்.