விசை, நிலைமம், சமநிலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இயக்கவியலில் மாணவர்கள் செய்யும் பிழைகளுள் பெரும்பாலானவை கணக்கிடும்போது நேர்வதில்லை. கணக்கைத் தொடங்குமுன் வரையும் விசைப் படத்திலேயே நேர்ந்துவிடுகின்றன. விசை என்பது ஒரு பொருள் மற்றொரு பொருளின் மீது செலுத்துவது. எனவே படத்தில் வரையும் ஒவ்வோர் அம்புக்குறிக்கும் அந்த விசையைச் செலுத்தும் பொருள் எது, ஏற்கும் பொருள் எது என்று சொல்ல இயல வேண்டும். சொல்ல இயலாத அம்புக்குறியைத் தயங்காமல் அழித்துவிடலாம்.

இவ்வாறு அழிக்க வேண்டியவற்றுள் முதன்மையானது, இயங்கும் பொருளின் மீது இயக்கத் திசையில் வரையப்படும் விசை. செங்குத்தாக மேலே எறியப்பட்ட பந்து கையை விட்டு நீங்கிய பின்னும், அதை மேல்நோக்கி ஒரு விசை தள்ளிக்கொண்டிருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். காற்றின் தடையைப் புறக்கணித்தால், அப்போது பந்தின் மீது செயல்படுவது கீழ்நோக்கிய புவியீர்ப்பு விசை ஒன்றே. மேலே செல்வது அதன் திசைவேகமே தவிர விசையன்று. இயக்கம் நீடிக்க விசை வேண்டும் என்ற அரிஸ்டாட்டில் காலத்துக் கருத்து இன்றும் எளிதில் மனத்தில் படிவதற்குக் காரணம், நாம் காணும் பொருள்கள் உராய்வால் நின்றுவிடுவதுதான். 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் விநாடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருக்கிறது. அதை முன்னோக்கித் தள்ளும் இயந்திரம் எதுவும் இப்போது இயங்கவில்லை.

தன் இயக்க நிலை மாறுவதை எதிர்க்கும் பொருளின் இயல்பான நிலைமத்தையே ஒரு விசையாகக் கருதுவதும் இதே வகைப் பிழைதான். ஓட்டுநர் பிரேக்கை அழுத்தியதும் பேருந்தில் நிற்பவர் முன்னே சாய்வது, யாரோ தள்ளுவதால் அன்று. அவருடைய கால்களைப் பேருந்தின் தளம் உராய்வால் பின்னிழுக்க, மேலுடல் தன் பழைய வேகத்திலேயே தொடர்வதால்தான். முடுக்கமுறும் குறிப்பாயத்தில் (இயக்கத்தை அளக்க நாம் கொள்ளும் நோக்குநிலை, இங்கே பேருந்து) நின்று கணக்கிடும்போது, செலுத்தும் பொருள் இல்லாத போலி விசையைச் சேர்ப்பது முறையானதே, ஆனால் அதைத் தரைக் குறிப்பாயத்தின் படத்தில் கலந்துவிடக் கூடாது. வேகமாகச் செல்லும் பொருளுக்கு நிலைமம் மிகுதி என்பதும் தவறு. வேகத்தோடு கூடுவது நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கிய உந்தம்; நிலைமத்தின் அளவு நிறை மட்டுமே.

மிக ஆழமாக வேரூன்றிய குழப்பம், நியூட்டனின் மூன்றாம் விதியை, ஒரு பொருளின் மீதான விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்யும் சமநிலையோடு இணைப்பதில் இருக்கிறது. மேசையின் மீதுள்ள புத்தகத்தின் எடைக்கு எதிர்வினை மேசை தரும் செங்குத்து விசை என்று பலரும் எழுதுகிறார்கள். இவ்விரண்டும் ஒரே புத்தகத்தின் மீது செயல்படுவதால், அவை வினை-எதிர்வினை இணையாக இருக்கவே முடியாது. புவி புத்தகத்தை ஈர்ப்பதற்கான எதிர்வினை, புத்தகம் புவியை ஈர்ப்பது. மேசை புத்தகத்தைத் தாங்குவதற்கான எதிர்வினை, புத்தகம் மேசையை அழுத்துவது. ஐயமிருந்தால் 1 கிலோகிராம் புத்தகத்தை, 2 மீ/வி² முடுக்கத்துடன் மேலேறும் மின்தூக்கியின் தளத்தில் வைத்துப் பாருங்கள். எடை 9.8 நியூட்டனாகவே இருக்க, செங்குத்து விசை 11.8 நியூட்டன் ஆகிறது. மூன்றாம் விதி இணையோ எந்த நிலையிலும் சமமாகவே இருக்கும்.

சமநிலை என்றால் ஓய்வு என்று கொள்வதும் தவறு. மேலெறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நின்றாலும் அதன் முடுக்கம் 9.8 மீ/வி² ஆக இருப்பதால், அது சமநிலையில் இல்லை; நேர்ப்பாதையில் மாறாத வேகத்தில் ஓடும் ரயிலோ சமநிலையில் இருக்கிறது.

தொகுபயன் விசை (எல்லா விசைகளின் கூடுதல்) சுழி என்பதோடு நின்றுவிடுவதும் போதாது. ஒரு சட்டத்தின் இரு முனைகளில், 0.4 மீட்டர் இடைவெளியில், சட்டத்துக்குச் செங்குத்தாக எதிரெதிர்த் திசைகளில் 5 நியூட்டன் விசைகள் செயல்பட்டால், அவற்றின் கூடுதல் சுழிதான். ஆயினும் 2 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் (விசைகளின் சுழற்றும் விளைவு) சட்டத்தைச் சுழற்றத் தொடங்கும். திருப்புத்திறனை உண்மையான கீலைப் பற்றியே கணக்கிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சமநிலையில் உள்ள பொருளுக்கு அது எந்தப் புள்ளியைப் பற்றியும் சுழியே. உராய்வற்ற சுவரில் சாய்த்த ஏணிக்குத் தரையைத் தொடும் புள்ளியைத் தேர்ந்தால், அங்குள்ள செங்குத்து விசையும் உராய்வும் சமன்பாட்டிலிருந்து விலகிவிட, சுவரின் விசையை ஒரே வரியில் கண்டுவிடலாம்.