பெங்களூரில் பர்கர் சாப்பிடப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

முதல் தவறு கடைக்குள் நுழையும் முன்பே நடந்துவிடுகிறது. சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு இந்திரா நகருக்குக் காரை எடுத்துக்கொண்டு கிளம்புவதுதான் அது. பார்க்கிங் தேடி பன்னிரண்டாவது மெயின் சாலையைச் சுற்றும் நேரத்தில் ஒரு பர்கரே முடிந்திருக்கும். அல்சூரிலிருந்து மெட்ரோ ஏறினால் அடுத்த நிலையமே இந்திரா நகர். சனிக்கிழமைதான் வேண்டுமென்றால் ஏழு மணிக்குள் உட்கார்ந்துவிடுங்கள்.

அப்புறம் ஆர்டர். பசி வேகத்தில் ஃப்ரைஸ், விங்ஸ், கெட்டியான மில்க் ஷேக் எல்லாவற்றையும் முதலில் சொல்லிவிடுகிறோம். பர்கர் வரும்போது வயிற்றில் பாதி இடம் போயிருக்கும். இரண்டு பேருக்கு வேறு வேறு பர்கர் இரண்டு, ஒரே ஒரு ஃப்ரைஸ் போதும். இரண்டையும் பாதியாக வெட்டித் தரச் சொன்னால் ஆளுக்கு இரண்டு ருசி. இதைச் சமையலறைக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மேசைக்கு வந்தபின் நாமே வெட்டப் போனால் சாஸ் ஒரு பக்கம், 'பாட்டி' (பன்னுக்கு நடுவே வைக்கும் கறி அல்லது காய்கறி வட்டு) ஒரு பக்கம் என்று வழுக்கிக்கொண்டு போகும்.

விவரம் தெரிந்தவர்கள் செய்கிற தவறும் உண்டு: ஸ்மாஷ் பர்கரை 'மீடியம் ரேர்', அதாவது நடுவில் இளஞ்சிவப்பாக அரைவேக்காட்டில் வேண்டும் என்று கேட்பது. நன்கு காய்ந்த கல்லில் கொத்துக்கறி உருண்டையை வைத்து அழுத்தித் தட்டையாக்குவதுதான் அதன் செய்முறையே. அடிப்பாகம் பழுப்பேறி ஓரம் மொறுமொறுப்பாவதில்தான் ருசி இருக்கிறது. அவ்வளவு மெல்லிய பாட்டியின் நடுவில் இளஞ்சிவப்புக்கு இடமேது? தடிமனான பாட்டியாக இருந்தாலும் நான் கேட்க மாட்டேன். முழுத்துண்டு ஸ்டேக்கில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும், சூட்டில் செத்துவிடும். கொத்தும்போது அது உள்ளே வரை கலந்துவிடுகிறது. அதனால்தான் கொத்திய ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சிக்கு உள்வெப்பம் 71 டிகிரி செல்சியஸ், கோழிக்கு 74 என்று அமெரிக்க வேளாண் துறை சொல்கிறது. மெனுவில் 'டெண்டர்லாயின்' (முதுகெலும்பை ஒட்டிய மென்மையான இறைச்சி) என்று இருந்தால் எந்த இறைச்சி என்று கேளுங்கள். கர்நாடகத்தில் 2021 முதல் பசு, காளை வெட்டத் தடை. 13 வயது தாண்டிய எருமைக்கு மட்டுமே அனுமதி. ஆகவே உள்ளூர் 'பீஃப்' என்றால் எருமைக்கறிதான்.

கூட வருபவர் சைவம் என்றால் பச்சைப் புள்ளியைப் பார்த்ததோடு விட்டுவிடாதீர்கள். பாட்டி காய்கறியாக இருக்கலாம். ஆனால் பிரியோஷ் என்கிற மெத்தென்ற பன்னில் முட்டையும் வெண்ணெயும் சேர்ப்பதுதான் வழக்கம். மயோனைஸிலும் முட்டை இருக்கலாம். எல்லாம் ஒரே கல்லில்தான் வேகிறதா என்பதையும் கேட்கத் தயங்க வேண்டாம், பால் பொருள்களும் தொடாத வீகன் நண்பர் என்றால் சீஸையும் சேர்த்து. அசைவம் சாப்பிடுபவருக்கும் மயோனைஸில் ஒரு கேள்வி இருக்கிறது. பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழ்நாடு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டது, அதற்கு முன்பே தெலங்கானா போட்டது. அந்த ஆணைகள் பெங்களூரில் செல்லாது. பாஸ்சரைஸ் செய்த (கிருமி சாகும்படி சூடாக்கிய) முட்டையா என்று நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பர்கர் வந்தாயிற்றா? ஒரே ஒரு படம், போதும். பத்துக் கோணத்தில் எடுத்து முடிப்பதற்குள் சீஸ் இறுகி, அடிப்பன் ஊறிப்போகும். உயரமான பர்கரைக் கத்தி, முள்கரண்டியால் பிரித்து மேய்வதும் வீண் வேலை. சுற்றி வந்த காகிதத்தைப் பாதி மட்டும் பிரித்து, லேசாக அழுத்தி, கையிலேயே கடியுங்கள். சட்டையைப் பற்றிக் கவலையா? வெள்ளைச் சட்டையில் வந்ததுதான் தவறு.

கடைசியாக பில். மொத்தத் தொகையை மட்டும் பார்த்து இரண்டால் வகுத்து யுபிஐயில் அனுப்பிவிடாதீர்கள். சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அது சரிதான் என்றது. ஜிஎஸ்டி வேறு, அது சட்டப்படியான வரி, பெரும்பாலான உணவகங்களில் 5 சதவீதம். சேவைக் கட்டணத்தின் மேலும் அதைப் போட்டிருந்தால் அந்தக் கட்டணத்தையும் அதன் மேல் போட்ட வரியையும் எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. பரிமாறியவருக்குக் கொடுக்க நினைத்தால் அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.