வேர் தானாக முளைக்காது: ஊர்வன மரங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆமை, பல்லி, முதலை, கோழி ஆகிய நான்கின் டிஎன்ஏ வரிசைகளைக் கொடுத்து மென்பொருளிடம் மரம், அதாவது யார் யாருக்கு உறவு என்று காட்டும் வரைபடம், கேளுங்கள். முதலையும் கோழியும் ஒரு பக்கம், ஆமையும் பல்லியும் மறுபக்கம் வந்து நிற்கும். உடனே ஆமைக்குப் பல்லிதான் சொந்தம் என்று எழுதிவிடுவது முதல் தவறு. அந்த மரத்துக்கு இன்னும் வேரே, அதாவது எல்லாருக்கும் பொதுவான மூதாதையின் இடமே, வைக்கவில்லை. வேரை ஆமையின் கிளையில் வைத்தால் ஆமை எல்லாரையும் விட்டு முதலில் பிரிந்ததாகும். பல்லியின் கிளையில் வைத்தால் அதே ஆமை முதலைக்கும் கோழிக்கும் பங்காளி. கோடுகள் ஒன்றுகூட மாறியிருக்காது. பாலூட்டியைப் புறக்குழுவாக, அதாவது இந்தக் கூட்டத்துக்கு வெளியே உள்ள உறவாக, சேர்த்துப் பார்த்தால் வேர் விழுவது பல்லியின் கிளையில்தான். மண்டையோட்டின் பக்கவாட்டில் துளை இல்லை என்பதற்காக நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்த ஆமையை, 2012இல் வந்த மரபணு ஆய்வுகள் பறவை, முதலைக் கூட்டத்தில் சேர்த்தன.

மரத்துக்கு வேர் இருக்கிறதா என்பதை மென்பொருள் தந்த கோப்பைத் திறந்தே கண்டுபிடித்துவிடலாம். அதில் மரம் அடைப்புக்குறிகளால் எழுதப்பட்டிருக்கும். வெளி அடைப்புக்குறிக்குள் மூன்று கிளைகள் இருந்தால் அது பெரும்பாலும் வேரில்லாத மரம். படம் வரையும் மென்பொருள் இதையெல்லாம் சொல்லாது, வேர் இருப்பதுபோலவே வரைந்து காட்டும். 10 இனங்கள் இருந்தால் வேர் விழக்கூடிய கிளைகள் 17.

அடுத்த தவறு, தொலைதூர உறவு ஒன்றை மட்டும் புறக்குழுவாக நம்புவது. பல்லி, பாம்பு மரத்துக்கு டுவட்டாராவை வைப்பது அப்படித்தான். நியூசிலாந்தின் இந்த ஊர்வன பல்லி, பாம்பு வம்சத்தைப் பிரிந்து சுமார் 25 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதன் கிளையில் இன்று மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். டிஎன்ஏவில் எழுத்துகள் நான்கே. இவ்வளவு காலத்தில் ஒரே இடத்தில் ஒரே எழுத்து தற்செயலாக வந்து உட்காருவது சகஜம். அதனால் நீண்ட கிளையும் நீண்ட கிளையும் ஒட்டிக்கொள்ளும், வேகமாக மாறிய பல்லி ஏதாவது அடியில் போய் நிற்கும். பறவை, முதலை, ஆமையையும் சேர்த்தால் அந்த நீளம் நடுவே உடையும். புறக்குழுவை எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டியும் பாருங்கள். உள்ளே இருக்கும் உறவுகளே மாறினால் வேரை நம்பாதீர்கள். தரவை மீண்டும் மீண்டும் மாதிரியெடுத்து ஒரு கிளை எத்தனை சதவீதம் திரும்ப வருகிறது என்று பார்க்கும் பூட்ஸ்ட்ராப் சோதனை 100 என்று காட்டுவது இங்கே ஆறுதல் இல்லை. தரவு பெருகப் பெருகத் தவறான கிளைக்கும் 100 கிடைக்கும்.

செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவை மட்டும் வைத்து முடிவெடுப்பதும் ஆபத்து. பாம்புகளும் அகாமிட் பல்லிகளும் (ஓணான் குடும்பம்) அதில் தனித்தனியே ஒரே போக்கில் மாறியிருப்பதை 2009இல் ஓர் ஆய்வு காட்டியது. அந்த மரபணுக்கள் பாம்புகளில் வேகமாக மாறுபவை, அதனால் மரத்தின் மிக நீளமான பாதையின் நடுப்புள்ளியில் வேர் வைக்கும் குறுக்குவழியும் கைகொடுக்காது.

படம் சரியாக வந்த பிறகும் ஒரு சறுக்கல் உண்டு. டுவட்டாரா தனியாக நிற்பதைப் பார்த்து அதைப் பல்லிகளின் மூதாதை என்பார்கள். எதிர்ப்பக்கக் கிளையில் 11,000க்கும் மேற்பட்ட பல்லி, பாம்பு இனங்கள் இருக்கின்றன. அந்தக் கிளைக்கும் டுவட்டாராவின் கிளைக்கும் ஒரே வயதுதான்.