ஏற்றத்தில் சூடாகும் டீசல் கெப்: ஹெட்டைக் கழற்றுமுன் நீங்களே பார்க்க வேண்டியவை

கம்பளையில் கோழி உரம் ஏற்றிக்கொண்டு நுவரெலியா திரும்பும்போதெல்லாம் இறம்பொடை வளைவுகளில் என் கெப்பின் (பிக்கப் வண்டியின்) டெம்பரேச்சர் முள் சிவப்புப் பக்கம் போய்விடும். மரக்கறியோடு கீழே இறங்கும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. கராஜில் காட்டினேன். "ஹெட் கெஸ்கட் போயிருக்கும், ஹெட்டைக் கழற்றத்தான் வேணும்" என்றார்கள். இஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கும் கீழே உள்ள பகுதிக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடுதான் அந்தக் கெஸ்கட். அவ்வளவு காசு கையில் இல்லாததால் நானே ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன். மூன்று வாரம் போனது. கெஸ்கட் நன்றாகவே இருந்தது. கோளாறு ரேடியேட்டர் மூடியிலும், சூட்டுக்கேற்பத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டிலும்.

முதலில், எப்போது சூடாகிறது என்று கவனியுங்கள். நின்றபடி ஓடும்போது சூடாகி, வேகமாகப் போனால் இறங்குகிறதா? ஃபேன் பக்கம் பாருங்கள். பாரத்தோடு ஏறும்போது மட்டுமா? ரேடியேட்டர், மூடி, ஃபேன் கிளட்ச் (ஃபேனை இஞ்சினோடு பிணைப்பது), தெர்மோஸ்டாட் எல்லாமே சந்தேகத்துக்குரியவை. காலையில் ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்திலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுகிறதா? அப்போதுதான் ஹெட் கெஸ்கட்டை நினைக்க வேண்டும்.

மூடி

கண்டி ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1868 மீற்றரில். உயரம் கூடக்கூட தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். நுவரெலியாவில் திறந்த பானையில் கிட்டத்தட்ட 94 பாகையிலேயே கொதித்துவிடும். டீசல் இஞ்சின் சாதாரணமாக ஓடுவதே 80, 90 பாகைக்குள். ரேடியேட்டருக்குள் அழுத்தத்தைப் பிடித்துவைத்து, கொதிநிலையை 110 பாகைக்கு மேல் தூக்குவது அந்த மூடிதான். ரப்பர் வெடித்த மூடியோடு கொழும்பில் சமாளித்துவிடலாம், இங்கே முடியாது. என் மூடியின் ரப்பரை நகத்தால் அழுத்தியபோது பள்ளம் அப்படியே நின்றது, திரும்பி எழும்பவில்லை. பழைய மூடியில் அழுத்த அளவு 0.9 என்று அடித்திருந்தால் அதே 0.9 மூடியையே வாங்குங்கள். கூட்டியும் வேண்டாம், குறைத்தும் வேண்டாம். இஞ்சின் நன்றாக ஆறும்வரை மூடியில் கை வைக்காதீர்கள். முகமே வெந்துபோகும்.

ரேடியேட்டரின் வெளிப்பக்கம்

ஏசி உள்ள வண்டியில் முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகவே தெரியும். அழுக்கு நிற்பது ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில். என் வண்டியில் உரத் தூசியும் காய்ந்த இலைத்துண்டும் கம்பளி மாதிரிப் படிந்திருந்தன. இஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, சாதாரண ஹோஸ் பைப்பால் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். சர்விஸ் ஸ்டேஷன் பிரஷர் கன் வேண்டவே வேண்டாம், தகட்டு இதழ்கள் மடிந்து காற்று போகும் வழியே அடைபட்டுவிடும்.

ஃபேன் கிளட்ச்

இஞ்சின் நல்ல சூட்டில் இருக்கும்போது வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு ஃபேனைக் கையால் சுழற்றுங்கள். கை எடுத்ததும் நிற்க வேண்டும். சைக்கிள் சில்லு மாதிரிச் சும்மா சுற்றினால் கிளட்ச் போய்விட்டது. பெல்ட்டையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

தெர்மோஸ்டாட்: நான் மாட்டிக்கொண்ட இடம்

"கழற்றி வீசு, இந்த ஏற்றத்துக்கு அது எதற்கு" என்று சொல்லாத ஆள் இல்லை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நம் குளிரில் தெர்மோஸ்டாட் இல்லாத டீசல் இஞ்சின் சூட்டுக்கே வராது, வெள்ளைப் புகை அடிக்கும், டீசலையும் கூடக் குடிக்கும். பல இஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டு பைபாஸ் வழியையும் மூடுகிறது. அதை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றிக்கொண்டிருக்கும். ஏற்றத்தில் சூடு இன்னும் கூடும்.

சோதிப்பது சுலபம். நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பை மூட்டுங்கள். தெர்மோஸ்டாட்டின் உடலில் 82 என்று அடித்திருந்தால் அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் திறக்கத் தொடங்க வேண்டும்.

என்னுடையது திறக்கவே இல்லை. புதிது வாங்கிப் போட்டேன். அடுத்த நாளே அதே இறம்பொடையில் முள் ஏறியது! அன்றிரவு மறுபடி கழற்றி டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. தெர்மோஸ்டாட் விளிம்பில் ஒரு சிறு துளை, அதில் தொட்டால் கடகடவென்று ஆடும் ஒரு குட்டி ஊசி. அடைபட்ட காற்று வெளியேறுவதற்கான வழி அதுதான். தெர்மோஸ்டாட் நிமிர்ந்து நிற்கும் வண்டியில் அந்த ஊசி உச்சியில் வர வேண்டும். நான் கீழே வைத்திருந்தேன். காற்று மேலே தேங்கிவிட, சூடான தண்ணீர் தெர்மோஸ்டாட்டைச் சரியாகத் தொடவே இல்லை. ஊசியை மேலே திருப்பி, புது ரப்பர் போட்டு, இரண்டு போல்ட்டையும் மாறி மாறி இறுக்கினேன். இதற்கு ரிங் ஸ்பானர்தான் நல்லது. குறட்டால் பிடித்தால் போல்ட் தலை உருண்டுவிடும்.

காற்றை எடுப்பது

இதற்கு நம் மலையே உதவி. வண்டியின் மூக்கு மேல்நோக்கி இருக்கும்படி சரிவில் நிறுத்தி, பின் சில்லுகளுக்குக் கல் வையுங்கள். அப்போது ரேடியேட்டர் வாய் உயரத்துக்கு வரும். ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் திறந்துவிடுங்கள். கூலன்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மூடி போடாமல் ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்கள். குமிழி வரும், மட்டம் இறங்கும், இன்னும் ஊற்றுங்கள். கீழ் ஹோஸும் சுடத் தொடங்கினால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது. குமிழி நின்றதும் மூடுங்கள். நிற்கவே இல்லை, ரேஸ் கொடுக்கக் கொடுக்கக் கூடுகிறது என்றால் கராஜ்காரர் சொன்னதைக் கேட்கத்தான் வேண்டும்.

வெறும் தண்ணீரை ஊற்றாதீர்கள், உள்ளே துருப்பிடிக்கும். நான் சிவப்புக் கூலன்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி கலக்கிறேன். கையில் பிடிக்கும் இன்ஃப்ராரெட் தெர்மோமீற்றர் ஒன்று இருந்தால் மேல், கீழ் ஹோஸ்களின் சூட்டை அளந்துவிடலாம். நான் வாங்கிய கருவிகளில் அதிகம் உதவியது அதுதான்.

வழியில் முள் ஏறினால்

ஏசியை நிறுத்தி, ஹீட்டரைப் போட்டு, ஓரமாக நிறுத்தி நியூட்ரலில் மெதுவாக ஓடவிடுங்கள். ஆவி வந்தாலோ தண்ணீர் கொட்டினாலோ உடனே ஓஃப் செய்யுங்கள். ரோட்டோரப் பீலியில் குளிர்ந்த தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும், அதைப் பிடித்து இஞ்சின் மேல் ஊற்றத் தோன்றும். ஊற்றினால் ஹெட்டில் வெடிப்பு விழும். ஒரு மணித்தியாலமாவது காத்திருங்கள்.

பிற்சேர்க்கை

நுவரெலியாவிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார்: கொதிக்கும் தண்ணீரிலும் புதுத் தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கவில்லையாம். முதலில் எனக்கும் விளங்கவில்லை. அப்புறம்தான் தோன்றியது, 82 அடித்தது பொதுவாக முழுதாகத் திறப்பது 95 பாகைக்குப் பக்கத்தில். அங்கே பாத்திரத்துத் தண்ணீர் 94ஐத் தாண்டாது. திறக்கத் தொடங்கினால் போதும், கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

இன்னொருவர் ஒயில் மூடியின் அடியில் வெள்ளைப் பசை கண்டு, கூலன்ட் ஒயிலில் கலந்துவிட்டதோ என்று பயந்திருந்தார். குளிரில் குறுகிய ஓட்டம் மட்டும் ஓடினால் ஈரம் படிந்து அப்படி வரும். ஒயில் மட்டம் பார்க்கும் டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள், அதில் ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.