சாட்சியத்தை யாரும் பாராட்டுவதில்லை: ‘அப்ரீஷியேட்’ படுத்தும் பாடு

மொழிபெயர்ப்புக்குப் புதிதாக வருகிறவர்களின் வரைவைத் திருத்த உட்கார்ந்தால், சில பிழைகள் சொல்லிவைத்தாற்போல் வந்து நிற்கும். ஆங்கிலத்தில் ‘அப்ரீஷியேட்’ வரும் இடமெல்லாம் தமிழில் ‘பாராட்டு’ விழுவது அவற்றில் ஒன்று. வங்கி பாராட்டுகிறது, உயர் நீதிமன்றம் பாராட்டுகிறது, சில வரைவுகளில் ரூபாய்கூட யாரையோ பாராட்டுகிறது. பழையவர்கள் இதைப் பார்த்துச் சிரிக்க முடியாது. இந்தப் பள்ளத்தில் விழாமல் வந்தவர் தொழிலில் அரிது. எழுத்துக்கூட்டு, உச்சரிப்பு மாதிரியான சில்லறைப் பிழைகளை அகராதி திருத்திவிடும் என்பதால் அவற்றை இங்கே தொடவில்லை.

வேரைப் பார்க்காமல் எழுதுவது

லத்தீனில் ‘ப்ரெட்டியும்’ என்றால் விலை. அதன் முன்னால் ‘அட்’ ஒட்டிப் பிறந்த வினை ‘அப்ரெட்டியாரே’, அதாவது ஒன்றுக்கு விலை குறிப்பது. லத்தீன் பைபிளில் மத்தேயு 27:9-இல் இந்த வினை அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறது. முப்பது வெள்ளிக்காசு என்று ஒரு மனிதருக்கு விலை பேசப்பட்ட இடம் அது. 1611-இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு அங்கே ‘வேல்யூ’ என்ற சொல்லைப் போட்டது. தமிழின் பழைய மொழிபெயர்ப்பில் உள்ள சொல் ‘மதிக்கப்பட்டவர்’. இன்றைய வாசகர் அதை ‘மரியாதைக்குரியவர்’ என்று படித்துவிட்டு, மரியாதைக்குரியவருக்கு எதற்கு விலை என்று விழிப்பார். உண்மையில் அது ‘விலை மதிக்கப்பட்டவர்’.

ஆகவே ‘அப்ரீஷியேட்’டுக்குத் தமிழில் நெருங்கிய உறவு ‘மதி’தான். வீட்டை மதிக்கிறோம், மாமனாரையும் மதிக்கிறோம். முன்னது விலை, பின்னது மரியாதை. ஆங்கிலச் சொல்லும் இதே பாதையில்தான் நடந்தது. வரைவை எடுத்தவுடன் மனசுக்குள் முதலில் ‘மதி’யை வைத்துப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தெளிந்துவிடும்.

ஒரே லத்தீன் வினை ஆங்கிலத்துக்குள் இரண்டு வாசல் வழியாக நுழைந்திருக்கிறது. பிரெஞ்சு வழியாக 1400-ஐ ஒட்டி வந்தது ‘அப்ரெய்ஸ்’. அது விலை மதிப்பிடும் வேலையை விட்டு அதிகம் நகரவில்லை. 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் படித்தவர்கள் நேராக லத்தீனிலிருந்து எடுத்துக்கொண்டது ‘அப்ரீஷியேட்’. அதுதான் ஊர் சுற்றியது. ஒன்றின் அருமையைச் சரியாக அறிவது, உயர்வாக மதிப்பது, முழுதாக உணர்வது என்று விரிந்தது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கர்கள் அதைச் செயப்படுபொருள் இல்லாமலே ‘விலை ஏறுவது’ என்ற பொருளில் ஆளத் தொடங்கினார்கள். நன்றி சொல்லும் பொருள் பிற்கால வரவு. இன்று நாம் அதிகம் கேட்பது அதைத்தான் என்பதால், அதுவே மூலப்பொருள் என்று நினைத்துக்கொள்கிறோம். ‘ப்ரைஸ்’ (விலை), ‘ப்ரைஸ்’ (பரிசு), ‘ப்ரெய்ஸ்’ (புகழ்), ‘ப்ரெஷஸ்’ (அருமையான) எல்லாமே அந்த ‘ப்ரெட்டியும்’ பெற்ற பிள்ளைகள்தான்.

எல்லாவற்றுக்கும் ‘பாராட்டு’ போடுவது

எத்தனை முறை திருத்தினாலும் எரிச்சல் குறையாத பிழை இது. நீதிமன்றத் தாள்களில் வந்தால் இதற்கு விலையும் அதிகம்.

மேல்முறையீட்டு மனுக்களில் தேய்ந்துபோன ஒரு வரி உண்டு: கீழமை நீதிமன்றம் ‘ஃபெயில்ட் டு அப்ரீஷியேட் தி எவிடன்ஸ்’. புதியவரின் தமிழ்: ‘கீழமை நீதிமன்றம் சாட்சியங்களைப் பாராட்டத் தவறிவிட்டது’. இலக்கணப்படி குற்றமில்லாத வாக்கியம்தான். அதனால்தான் சரிபார்ப்பவர் கண்ணிலும் அது தப்பிவிடுகிறது. ஆனால் மனுவின் உயிரே போய்விட்டது. சாட்சி சொன்னவருக்கு நீதிபதி சபாஷ் போடவில்லை என்பதா முறையீடு? அ.சா.1, அதாவது அரசுத் தரப்பின் முதல் சாட்சி, சம்பவம் இரவு எட்டு மணிக்கு என்கிறார், முதல் தகவல் அறிக்கையில் பத்து மணி என்று இருக்கிறது, மருத்துவச் சான்று வேறொரு நேரத்தைக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இவற்றை ஒன்றோடொன்று நிறுத்துப் பார்த்து, எதற்கு எவ்வளவு எடை தருவது என்று முடிவு செய்யும் வேலை நடக்கவில்லை என்பதுதான் முறையீடு. ‘சாட்சியங்களைச் சரிவரச் சீர்தூக்கிப் பார்க்கத் தவறிவிட்டது’ என்று எழுதுங்கள். சீர்தூக்குவது தராசின் வேலை. 118-ஆம் குறளில் வரும் கோல் செய்வதும் அதுதான். விலை, எடை, மதிப்பு என்று லத்தீன் வினையின் நாடி முழுதும் அந்த ஒரு தமிழ்ச் சொல்லில் துடிக்கிறது.

இதற்கு அடுத்த படி ‘ரீ-அப்ரீசியேஷன்’. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 100-ஆம் பிரிவின்படி இரண்டாம் மேல்முறையீட்டில் முக்கியமான சட்டப் பிரச்சினை இருக்க வேண்டும். சாட்சியங்களை மறுபடி எடைபோடுவது பொதுவாக அந்தக் கட்டத்தின் வேலை இல்லை. இதை ‘சாட்சியங்களை மீண்டும் பாராட்ட இயலாது’ என்று எழுதிக் கட்சிக்காரர் கையில் கொடுத்தால், தன் சாட்சிகளை நீதிமன்றம் மட்டம் தட்டிவிட்டதாக அவர் நினைப்பார். தன் வழக்கு சட்டப் பிரச்சினை என்ற வாசலில் நின்றுபோனது அவருக்குத் தெரியாது. தெரியாமல் அடுத்து என்ன செய்வதென்று எப்படி முடிவெடுப்பார்?

‘அறிதல்’ என்று போட்டுத் தப்பிக்கப் பார்ப்பவர்களும் உண்டு. அதுவும் எல்லா இடத்திலும் செல்லாது. கனடாவின் குற்றவியல் சட்டம், 16-ஆம் பிரிவைப் பாருங்கள். மனநலக் கோளாறால் தன் செயலின் இயல்பையும் தன்மையையும் ‘அப்ரீஷியேட்’ செய்ய முடியாதவர், அல்லது அது தவறு என்று ‘நோ’ (அறிதல்) செய்ய முடியாதவர், குற்றப் பொறுப்பிலிருந்து விலக்குப் பெறுகிறார். ஒரே வாக்கியத்தில் இரண்டு வினைகள், அதுவும் வேண்டுமென்றே. கூப்பர் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் இரண்டும் ஒன்றல்ல என்று விளக்கியது. கழுத்தை இறுக்குகிறோம் என்று கைக்குத் தெரிந்திருப்பது ‘நோ’ என்றால், இறுக்கினால் உயிர் போகும் என்ற விளைவையும் சேர்த்துக் கணிப்பது ‘அப்ரீஷியேட்’. இந்தியாவின் 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம், 84-ஆம் பிரிவில் செயலின் இயல்புக்கும் ‘நோ’ என்ற வினையைத்தான் பயன்படுத்தியது. இரண்டு நாட்டுச் சட்டத்தையும் ஒப்பிடும் கட்டுரையில் இரண்டுக்கும் ‘அறிதல்’ என்றே எழுதினால், ஒப்பிட எதுவுமே மிஞ்சாது. முன்னதற்கு ‘விளைவு உட்பட உணர்தல்’, பின்னதற்கு ‘அறிதல்’ என்று பிரித்து வையுங்கள்.

அலுவலகக் கடிதத்தில் இதே பிழை வேறு வேடத்தில் வரும். ‘யூ வில் அப்ரீஷியேட் தட்’ என்று தொடங்கும் வரியை ‘நீங்கள் பாராட்டுவீர்கள்’ என்று எழுதுவார்கள். கடனை மூன்று முறை தள்ளிப்போட்ட வாடிக்கையாளருக்கு, ‘இதற்கு மேல் அவகாசம் தர இயலாது என்பதைத் தாங்கள் பாராட்டுவீர்கள்’ என்று கடிதம் போனால் அதைக் கிண்டல் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். ‘என்பதைத் தாங்கள் உணர்வீர்கள்’ என்பதே அதற்குத் தமிழ். அந்த ஆங்கில வரியின் தொனி இனிப்பானது. உள்ளடக்கம் பெரும்பாலும் மறுப்பு.

குழப்பம் வந்தால் வினைக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று பாருங்கள். ‘தட்’ வந்து முழு வாக்கியம் தொடர்ந்தால் ‘உணர்’ அல்லது ‘புரிந்துகொள்’. சாட்சியம், வாதம் போன்றவை வந்தால் ‘சீர்தூக்கு’. ஆபத்து, விபரீதம், சூழ்நிலையின் கடுமை வந்தால் ‘முழுதாக உணர்’. எதிரில் இருப்பவரின் உதவி, பொறுமை, நேரம் வந்தால் ‘நன்றி’ போதும். அங்கேகூட ‘உங்கள் பொறுமையைப் பாராட்டுகிறோம்’ என்பது வாத்தியார் மாணவன் முதுகில் தட்டுவது போல இருக்கும். சங்கீதமோ கவிதையோ வந்தால் ‘சுவை’, ‘நயம் உணர்’. பின்னால் எதுவுமே வராமல், முன்னால் நிலமோ பங்கோ நாணயமோ நின்றால் ‘மதிப்பு ஏறு’. இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் ‘பாராட்டு’க்கு மிஞ்சும் இடம் கொஞ்சம்தான்: ஒருவர் செய்த நல்ல வேலையை நாலு பேர் அறியச் சொல்வது.

போகிற போக்கில் ஒன்று. ‘பாராட்டு’ம் லேசுப்பட்ட சொல் இல்லை. பகைமை பாராட்டுகிறோம், சொந்தம் பாராட்டுகிறோம், உரிமை பாராட்டுகிறோம்; எதிலும் புகழ்ச்சி கிடையாது. தேர்வுத் தாளில் ‘பா நயம் பாராட்டுக’ என்று கேட்பதிலும் புகழ்ச்சி அடுத்ததுதான். எதுகை, மோனை, இயைபு, அணி, சந்தம், சுவை என்று ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டச் சொல்கிறார்கள். ‘கவிஞர் மிக அழகாகப் பாடியுள்ளார்’ என்று அரைப்பக்கம் எழுதும் மாணவரும், சாட்சியத்தைப் பாராட்டும் மொழிபெயர்ப்பாளரும் ஒரே தவறின் இரண்டு முகங்கள்.

‘பட்’ வரும்வரை காத்திராமல் மகிழ்வது

‘ஐ அப்ரீஷியேட் யுவர் கன்சர்ன்’ என்பதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு ‘பட்’, அதாவது ‘ஆனால்’, இருக்கும்.

‘இட்’டை விழுங்குவது

‘ஐ வுட் அப்ரீஷியேட் இஃப் யூ’ என்று தொடங்கும் மின்னஞ்சல்கள் நம் அலுவலகங்களில் ஏராளம். நடுவில் ஒரு ‘இட்’ வேண்டும்: ‘அப்ரீஷியேட் இட் இஃப்’. வினைக்குச் செயப்படுபொருள் தேவை. ‘இஃப்’ தொடர் அந்த இடத்தை நிரப்பாது. இன்னொன்று, இது பார்வைக்கு வேண்டுகோள் என்றாலும் மேலதிகாரியிடமிருந்து வந்தால் கட்டளை. ‘முடிந்தால் அனுப்புங்கள்’ என்று தமிழில் எழுதிக் கெடுத்துவிடாதீர்கள். ‘அனுப்பிவைக்கவும்’ என்பதே சரியான எடை.

‘ஐ ஆம் அப்ரீஷியேட்டிங்’

நன்றி சொல்ல ‘ஐ அப்ரீஷியேட்’ போதும். ‘இங்’ வேண்டியது விலை ஏறும்போது.

அப்ரெய்ஸும் அப்ரைஸும்

வங்கியில் நகையை உரசிப் பார்த்து மதிப்பிடுபவர் செய்வது ‘அப்ரெய்ஸ்’. ஆண்டு இறுதியில் பணியாளருக்கு நடப்பதும் அதுவே. தகவல் தெரிவிப்பது ‘அப்ரைஸ்’. அது கற்பித்தல் என்ற பொருளுள்ள பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது, விலையோடு அதற்கு உறவே இல்லை. ‘நிலவரத்தை எனக்கு அப்ரெய்ஸ் செய்யவும்’ என்று எழுதும் அதிகாரி, நிலவரத்துக்கு விலை போட்டுத் தரச் சொல்கிறார்.

ரூபாய் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்காதது

ஒரு டாலருக்கு 80 ரூபாய் என்பது 100 ஆனால் எண் ஏறுகிறது, ரூபாய் இறங்குகிறது. தலைப்பு எழுதுகிறவர் ‘ரூபாய் 100-ஐத் தொட்டது’ என்று உற்சாகமாக எழுதினால் திசை தலைகீழாகிவிடும்.

சதவீதத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 80-லிருந்து 100-க்குப் போகும்போது டாலர் ‘அப்ரீஷியேட்’ ஆனது 25 சதவீதம். ரூபாய் ‘டிப்ரீஷியேட்’ ஆனது 20 சதவீதம்தான், ஏனென்றால் முன்பு 1/80 டாலராக இருந்த ஒரு ரூபாய் இப்போது 1/100 டாலர். 1966 ஜூன் 6-இல் டாலருக்கு 4.76 ரூபாயாக இருந்தது 7.50 ஆக்கப்பட்டது. அதை 36.5 சதவீதம் என்று எழுதுவாரும் உண்டு, 57.5 சதவீதம் என்று எழுதுவாரும் உண்டு. இரண்டு கணக்கும் சரி. எந்த நாணயத்தின் கண்ணால் பார்க்கிறோம் என்பதுதான் வேறுபாடு. சொல்லாமல் விட்டால் வாசகர் குழம்புவார்.

அந்த 1966 நிகழ்வை ‘டிப்ரீசியேஷன்’ என்று சொல்வதும் தவறு. அரசே உத்தரவிட்டுக் குறைத்தால் ‘டிவேல்யுவேஷன்’, மதிப்புக் குறைப்பு. சந்தையில் தானாக இறங்கினால் மதிப்புச் சரிவு. ‘ரூபாய் தேய்மானம்’ வேண்டவே வேண்டாம். தேய்மானம் என்பது கணக்கேட்டில் இயந்திரத்துக்கும் வண்டிக்கும் எழுதுவது.

டிப்ரீஷியேட்டை டெப்ரிகேட்டோடு குழப்புவது

முன்னது விலை இறங்குவது. பின்னதன் லத்தீன் வேருக்குப் பொருள் ‘வேண்டாம் என்று வேண்டிக்கொள்வது’. மென்பொருள் ஆவணத்தில் ஒரு கட்டளை ‘டெப்ரிகேட்டட்’ என்று இருந்தால் அது மதிப்பிழந்துவிட்டது என்று பொருளில்லை. இன்னும் வேலை செய்யும், ஆனால் புதிதாக எழுதும்போது பயன்படுத்தாதே, பின்னர் நீக்கப்படலாம் என்று சொல்கிறார்கள். ‘நீக்கப்பட்டது’ என்று மொழிபெயர்த்தால், ஓடிக்கொண்டிருக்கும் நிரலை யாராவது பதறிப்போய் மாற்றி எழுதுவார்கள்.

‘அப்ரீஷியபிள்’

‘நோ அப்ரீஷியபிள் சேஞ்ச்’ என்றால் சொல்லும்படியான மாற்றம் இல்லை. ‘பாராட்டத்தக்க மாற்றம் இல்லை’ என்று ஆய்வறிக்கையில் எழுதிவிட்டால், நோயாளிக்குக் காய்ச்சல் கூடியிருக்கலாமோ என்ற சந்தேகம் வாசகருக்குத் தீராது.